கருணையும் கொலையும் – ஒரு சொல்லாராய்ச்சி



சென்ற பௌர்ணமி நாளன்று, கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டுக்கு அருகில் நம்மவர் இல்லமொன்றில் தம்ம வகுப்பு நடைபெற்றது. யாவரும் பஞ்சசீலம் ஓதி எழுந்த பின்னர் இளைஞர் ஒருவர் என்னருகில் வந்து நின்றார். "ஐயா, எங்கள் வீட்டு நாய்க்கு 14 வயது. தாடையில் புற்று. உணவு இறங்கவில்லை. இரவெல்லாம் முனகுகிறது. ஊசி போட்டு முடித்துவிடலாம் என்கிறார் மருத்துவர். செய்தித்தாள்களில் இதனைக் 'கருணைக் கொலை' என்று எழுதுகிறார்கள். கருணை நம் பகவான் போதித்த குணமாயிற்றே! அப்படியாயின் இச்செயல் முதற் சீலத்தைக் கெடுக்குமா, கெடுக்காதா?" என்று வினவினார்.

உடனே விடை கூற எனக்கு நா எழவில்லை. "தம்பி, ஒரு வாரம் தவணை கொடு, ஆராய்ந்து சொல்கிறேன்" என்று கூறி அனுப்பினேன். அவ்வாராய்ச்சியின் பயனே இப்பாடம்.

யான் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பயின்றவன் அல்லன். சணல் ஆலையில் 22 ஆண்டுகள் தறியடியில் நின்றவன். கற்றதெல்லாம் வேலை ஓய்ந்த நேரத்தில், மங்கிய விளக்கொளியில் கற்றவையே. ஆயினும் நம் முன்னோடி அயோத்திதாசப் பண்டிதர் ஒரு வழி காட்டிச் சென்றுள்ளார். 1907ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழில், சொற்களைப் பகுத்துப் பகுத்துப் பொருள் கண்டு, அவற்றினுள் மறைந்துள்ள உண்மையை வெளிக்கொணர முயன்றார். அவ்வழியே யாமும் முதலில் சொல்லை ஆராய்வோம். பின்னர்ச் செயலை ஆராய்வோம்.

1. மேலைநாட்டுச் சொல்

'கருணைக் கொலை' என்பது தமிழில் பழமையாக வழங்கிவந்த தொடர் அன்று. ஆங்கிலத்தில் 'யூத்தனேசியா' என்று வழங்கும் சொல்லுக்கு ஈடாக இக்காலத்தார் ஆக்கிக்கொண்டது. அந்த ஆங்கிலச் சொல்லோ கிரேக்க மொழியினின்று வந்தது. 'யூ' என்பதற்கு நன்மை என்பது பொருள். 'தானடோஸ்' என்பதற்குச் சாவு என்பது பொருள். இரண்டும் கூடி 'நற்சாவு' என்றாயிற்று.

இவ்விடத்தில் ஒன்றை உற்று நோக்குக. இச்சொல்லினுள் கொலை என்னும் பொருள் இல்லை. கொல்வோன் ஒருவனும் இதனுள் இல்லை. உரோமப் பேரரசர் அகஸ்டஸ் தமக்கும் தம்மைச் சார்ந்தோர்க்கும் வாய்க்க வேண்டுமென விரும்பிய நோவற்ற, விரைவான சாவையே இச்சொல்லால் குறித்தார் என அவர் வரலாற்றை எழுதிய சூட்டோனியஸ் தெரிவிக்கின்றார். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் பேக்கன் இச்சொல்லை மருத்துவத் துறைக்குக் கொணர்ந்தார். நோயைத் தீர்ப்பது மட்டுமன்றி, தீராத நோயாளியின் இறுதி வேளையை நோவின்றிக் கழியச் செய்வதும் மருத்துவனின் கடன் என்பது அவர் கருத்து. இங்கும் கொலை புகவில்லை.

பின் எப்போது புகுந்தது? 1846இல் ஈதரும், 1847இல் குளோரோபாரமும் அறுவை மருத்துவத்தில் மயக்கம் தரும் மருந்துகளாக வழக்கிற்கு வந்தன. வலியின்றி உணர்விழக்கச் செய்யலாம் என்பது தெரிந்ததும், வலியின்றி உயிரை முடிக்கவும் செய்யலாமே என்னும் எண்ணம் பின்தொடர்ந்தது. 1870ஆம் ஆண்டில் சாமுவேல் வில்லியம்ஸ் என்னும் ஆங்கிலேயர், தீராத நோயாளிகள் விரும்பினால் குளோரோபாரம் கொடுத்து அவர்தம் வாழ்வை முடிக்கலாம் எனக் கட்டுரை வரைந்தார். அது முதல் 'நற்சாவு' என்னும் சொல் 'நன்மைக்காகக் கொல்லுதல்' என்னும் பொருளை ஏற்கலாயிற்று. பின்னர் விலங்குகளுக்கும் அச்சொல் சென்றது. நோயாளி மனிதனாயின் அவனைக் கேட்கலாம். விலங்கை யார் கேட்பது? விருப்பம் என்னும் உறுப்பு அங்கே உதிர்ந்துபோயிற்று என்பதை மறவற்க.

2. வதை என்னும் சொல்

இனி நம் நாட்டுச் சொல் ஒன்றைக் காண்போம். பாலியிலும் வடமொழியிலும் 'வத' என்பதற்குக் கொல்லுதல் என்பது பொருள். வங்காளியரைக் கேளுங்கள், அவர்கள் நாவில் இன்றும் அச்சொல் கொலையையே குறிக்கும். மைக்கேல் மதுசூதன தத்தர் 1861இல் வெளியிட்ட 'மேகநாதவதம்' என்னும் காவியத்தின் பெயர், மேகநாதனைக் கொன்றது எனப் பொருள்படும். தமிழிலும் 'வாலி வதை' என்னுங்கால் கொலையே பொருள். ஆயின் தமிழர் நாவில் அச்சொல் மற்றொரு பொருளையும் பெற்றது. 'என்னை வதைக்காதே' என்று தாய் பிள்ளையைக் கடிந்துகொள்கிறாள். அங்கே வதை என்பது கொலை அன்று, துன்புறுத்தல்.

அதே 1861ஆம் ஆண்டில், அக்காலத்துக் கல்கத்தாவில், கோல்ஸ்வொர்தி கிராண்ட் என்னும் ஓவியர் முன்னின்று விலங்குகளைக் கொடுமையினின்று காக்கும் சங்கமொன்றை நிறுவினார். சுமையேற்றிய வண்டிகளில் எருதும் எருமையும் குதிரையும் பட்ட பாட்டைக் கண்டு எழுந்த சங்கம் அது. 1869இல் வங்காளத்தில் இதற்கெனச் சட்டமும் பிறந்தது. விடுதலைக்குப் பின்னர், மதுரையில் பிறந்தவரும் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தவருமான ருக்மிணிதேவி அருண்டேல் 1953இல் கொணர்ந்த மசோதாவின் தொடர்ச்சியாக, 1960இல் இந்தியா முழுவதற்குமான சட்டம் இயற்றப்பட்டது. அதனைத் தமிழில் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் என்கிறோம்.

அச்சட்டத்தின் 13ஆம் பிரிவு துயருறும் விலங்குகளை அழிப்பதைப் பற்றியது. ஒரு விலங்கை உயிரோடு வைத்திருப்பதே கொடுமையாகும் என்னும் நிலை வந்தால், அதனைக் கொல்ல அப்பிரிவு வழிவகுக்கிறது. சொல்லின் விளையாட்டைப் பாருங்கள்! வதை என்றால் கொலை. வதைத் தடுப்பு என்றால் கொலைத் தடுப்பு என்றன்றோ பொருள்பட வேண்டும்? வதைத் தடுப்புச் சட்டத்தினுள்ளேயே கொலைக்கு ஒரு வாயில் இருக்கிறது. துன்பத்தை நிறுத்துதல் ஒன்று, உயிரை நிறுத்துதல் மற்றொன்று. இரண்டையும் ஒரே சொல் தாங்கும்போது மனம் தடுமாறுகிறது. அத்தடுமாற்றமே அவ்விளைஞர் என்னிடம் கொணர்ந்த கேள்வி.

3. நாடறிந்த இரு நிகழ்ச்சிகள்

1928ஆம் ஆண்டில் காந்தியடிகளின் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று ஊனமுற்று வேதனையில் கிடந்தது. புரட்டிப் படுக்க வைப்பதும் அதற்கு நோவாயிருந்தது. மருத்துவர் கைவிட்டார். பலரோடு கலந்த பின்னர், அடிகள் தாமே உடனிருக்க, மருத்துவர் ஒருவர் நச்சு ஊசி செலுத்தி அதன் உயிரை முடித்தார். நாடெங்கிலுமிருந்து சினங்கொண்ட கடிதங்கள் வந்து குவிந்தன. அடிகள் தம் இதழ்களில் விரிவாக விடையெழுதி, தாம் செய்தது அகிம்சைக்கு முரணன்று என வாதிட்டார். அவர் வாதத்தை ஏற்பதும் மறுப்பதும் ஒருபுறமிருக்க, ஒன்றை நாம் மதிக்க வேண்டும். அவர் அச்செயலை மறைக்கவில்லை. கொல்லுதல் என்னும் சொல்லைத் தவிர்க்கவுமில்லை.

மற்றொன்று நம் தமிழ்நாட்டில் நடந்தது. சேலம் சுகவனேசுவரர் கோயிலில் இராசேசுவரி என்னும் யானை இருந்தது. வயது 42. காலில் நோய் கண்டு, எழ இயலாமல் ஒருபக்கமாகவே நெடுநாள் படுத்துக் கிடந்தது. அதன் துன்பத்தை முடிக்க வேண்டுமென விலங்குநல ஆர்வலர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்று கால்நடை மருத்துவர் சோதித்துச் சான்றளித்தால் கருணைக் கொலை செய்யலாம் எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2018 ஏப்ரலில் ஆணையிட்டது. ஆணை நிறைவேறுவதற்கு முன்னரே, ஏப்ரல் 21ஆம் நாள் அவ்யானை தானாகவே இறந்துபட்டது. 'கருணைக் கொலை' என்னும் தொடர் அக்காலத்தில் தமிழ்நாட்டின் தேநீர்க் கடைகளிலெல்லாம் ஒலித்தது.

பேரின்னல் கண்டு எழுந்த இவ்விரு நிகழ்ச்சிகளிலும் கெட்ட நெஞ்சம் எதனையும் யான் காண்கிலேன். ஆயினும் சொல் ஒன்று வழக்கிற்கு வந்துவிட்டால் அது தனக்குரிய எல்லையில் நிற்பதில்லை. 1960ஆம் ஆண்டுச் சட்டமே, தெருநாய்களை இன்னல் குறைந்த முறையில் அழிப்பதைக் கொடுமையாகக் கருதவில்லை. அங்கே நோயும் கேட்கப்படவில்லை, வேதனையும் கேட்கப்படவில்லை. சென்னை மாநகராட்சி 1996 வரை தெருநாய்களை மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுவந்தது. பின்னர் 2001ஆம் ஆண்டு விதிகள், தீராத நோயும் சாகத்தக்க காயமும் உடைய நாய்களை மட்டுமே, அதுவும் தகுதிபெற்ற மருத்துவரே, பிறிதொரு நாயின் கண்ணெதிரில் அன்றிக் கொல்லலாம் என வரையறுத்தன. அவற்றின் இடத்தில் 2023இல் புதிய விதிகள் வந்துள்ளன. எல்லை வகுக்க வேண்டிய தேவை ஏற்பட்டதே, சொல் எல்லை கடந்து ஓடக்கூடியது என்பதற்குச் சான்று.

4. கருணை என்பது யாது?

இனி நம் சொல்லுக்கு வருவோம். தமிழில் இதற்கு இரக்கம், அருள், அளி எனப் பல பெயருண்டு. இரங்குதல் என்பதற்கு மனமுருகுதல், அழுதல் என்பன பொருள். வள்ளுவர் அருளுடைமையைக் கூறிய அதிகாரத்தை அடுத்தே புலால் மறுத்தலை வைத்தார். அருள் எங்கே பேசப்படுகிறதோ அங்கே உயிரைக் காத்தலும் உடன் பேசப்படுகிறது என்பது அவ்வரிசையால் விளங்கும்.

ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் விசுத்திமக்கம் இயற்றிய புத்தகோசர் கருணை என்னும் சொல்லைப் பல வழியாக விளக்குகின்றார். பிறர் துன்புறுங்கால் நல்லோர் நெஞ்சை நடுங்கச் செய்வது என்பது ஒன்று. பிறர் துன்பத்தை அழிப்பது என்பது மற்றொன்று. துன்புற்றோர் மீது பரந்து செல்வது என்பது இன்னொன்று. இரண்டாவது விளக்கத்தைக் கவனியுங்கள். கருணைக்கும் அழித்தல் உண்டு. ஆனால் அது அழிப்பது துன்பத்தை, துன்புறுவோனை அன்று. உடையில் பற்றிய தீயை அணைப்பதற்கும், உடையோடு மனிதனையும் சேர்த்து மண்ணில் புதைப்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

மேலும் அவர், கருணைக்குப் பகை இரண்டு என்கின்றார். தொலைவில் நிற்கும் பகை கொடுமை. அதனை யாவரும் அடையாளங் காண்பர். அருகில் நிற்கும் பகை, தன்னலம் சார்ந்த மனவருத்தம். அது கருணையைப் போலவே உடுத்தி, கருணையைப் போலவே கண்ணீர் விட்டு, கருணையின் பக்கத்திலேயே நிற்கும். 'இவன் துன்பம் தீர வேண்டும்' என்பது கருணை. 'இவன் துன்பத்தைப் பார்க்கும் என் துன்பம் தீர வேண்டும்' என்பது அந்த அண்டைப் பகை. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றே. உள்ளே புகுந்து நோக்கினால் மட்டுமே வேறுபாடு தெரியும்.

5. சீலமும் விநயமும் கூறுவன

முதற் சீலத்தைப் 'பாணாதிபாதம்' என்று ஓதுகிறோம். 'பாண' என்பது பிராணன், மூச்சுடைய உயிர். 'அதிபாத' என்பது வீழ்த்துதல். மனிதன், விலங்கு என்னும் பிரிவு அச்சொல்லில் இல்லை. இக்குற்றம் நிறைவுற ஐந்து உறுப்புகள் வேண்டும் என்று உரையாசிரியர் வகுத்தனர். உயிர் ஒன்று இருத்தல், அஃது உயிர் என்று அறிதல், கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அம்முயற்சியால் சாவு நேர்தல் என்பனவே அவ்வைந்து. கொல்லும் எண்ணத்தைப் பாலியில் 'வதகசித்தம்' என்பர். மேலே நாம் கண்ட அதே வதை என்னும் சொல்தான்.

இவ்வைந்தினுள் 'எதற்காகக் கொன்றான்' என்னும் கேள்வி இல்லாதிருத்தலைக் காண்க. காரணம் நல்லதாயின் குற்றத்தின் கனம் குறையலாம். வேட்டையாடி மகிழ்வோனும், வேதனை பொறாமல் கை நடுங்கச் செய்வோனும் ஒரே தட்டில் நிற்பவர் அல்லர். எனினும் ஐந்து உறுப்புகளும் கூடியவிடத்துச் செயலின் பெயர் மாறுவதில்லை.

விநய பிடகத்தில் மூன்று வழக்குகள் உள்ளன. நோயுற்ற பிக்கு ஒருவரிடம் சில பிக்குகள், இரக்கத்தால், சாவின் சிறப்பை எடுத்துரைத்தனர். அவர் இறந்துபட்டார். அப்பிக்குகள் மனம் கலங்கிப் பகவானிடம் சென்றனர். அவர்கள் சங்கத்தினின்று நீங்கத்தக்க பாராஜிகக் குற்றம் செய்தவராயினர் என்பது தீர்ப்பு. இரண்டாவது, கொலைக்களத்திற்குச் சென்ற பிக்கு ஒருவர், குற்றவாளியை வருத்தாமல் ஒரே வெட்டில் முடித்துவிடுமாறு கொலையாளனிடம் கூறினார். அவனும் அவ்வாறே செய்தான். அதற்கும் அதே தீர்ப்பு.

மூன்றாவது வழக்கு வேறுவிதம். வேடன் வைத்த கண்ணியில் பன்றியொன்று அகப்பட்டுக் கிடந்தது. அவ்வழிச் சென்ற பிக்கு இரக்கங்கொண்டு அதனை விடுவித்தார். பின்னர், பிறனுடைய பொருளைக் களவு செய்துவிட்டோமோ என்று அஞ்சிப் பகவானிடம் சென்றார். என்ன எண்ணத்தோடு செய்தாய் என்று பகவான் வினவ, இரக்க எண்ணத்தோடு என்றார். குற்றமில்லை என்பது தீர்ப்பு.

சகோதரர்களே! முதல் வழக்கிலும் மூன்றாம் வழக்கிலும் மூலநூலில் வரும் சொல் ஒன்றே. 'காருஞ்ஞம்', அதாவது கருணை. கருணையால் கட்டவிழ்த்தவருக்குக் குற்றமில்லை. கருணையால் சாவைக் காட்டியவருக்குக் குற்றம் உண்டு. கருணை களவையும் குற்றமின்றி ஆக்கிற்று. கொலையைக் குற்றமின்றி ஆக்கவில்லை. எனவே பகவான் கருணையின் வலிமையை அறியாதவர் அல்லர். அது எதுவரை செல்லும், எங்கே நிற்கும் என்பதை அளந்து காட்டியவர்.

இம்மூன்றாம் வழக்கைப் படிக்குந்தோறும் மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் என் நினைவுக்கு வருகின்றான். வேள்விக்கெனக் கட்டிவைத்த பசுவை அவன் இரவில் அவிழ்த்துக்கொண்டு சென்றான். அகப்பட்டான், அடியுண்டான், ஊரினின்று துரத்தப்பட்டான். பசுவுக்கு நோவற்ற கொலை வேண்டும் என்று அவன் வேள்விச் சாலையில் மன்றாடவில்லை, கயிற்றை அவிழ்த்தான்.

6. யான் செய்த செயல்

பிறர்க்கு உபதேசிப்போன் தன்னையும் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். ஆதலின் ஒரு நிகழ்ச்சியை மறையாது கூறுகிறேன்.

1993ஆம் ஆண்டு மழைக்காலம். ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள ஓர் ஆலையின் தொழிலாளர் லைனில் குடியிருந்தேன். வாயிலில் கறுப்பு நாயொன்று கிடக்கும். ஷிப்டு முடிந்து வருவோர்க்கெல்லாம் வாலாட்டும். ஒருநாள் சணல் பொதி ஏற்றிய லாரி அதன் இடுப்பின்மேல் ஏறிச் சென்றுவிட்டது. பின்னங்கால் இரண்டும் இயங்கவில்லை. யாரோ இழுத்துவந்து எங்கள் சுவரோரத்தில் போட்டனர். இரண்டு இரவுகள் அது ஊளையிட்டது. விடியற்காலை ஆறு மணிக்கு யான் தறியில் நிற்க வேண்டும். மூன்றாம் இரவு எழுந்தேன். இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துச் சென்று ஒரே அடியில் முடித்தேன். ஓசை நின்றது. உறங்கினேன்.

மறுநாள் லைன் முழுவதும் என்னைப் பாராட்டிற்று. வாயிற்காவல் புரியும் தர்வான், "முக்தி கொடுத்தாய்" என்று முதுகில் தட்டினார். யானும் நெடுங்காலம் அதனை ஒரு புண்ணியச் செயலாகவே எண்ணியிருந்தேன். பல ஆண்டுகளுக்குப் பின்னர், கருணையின் அண்டைப் பகையைப் பற்றிய பகுதியைப் படித்த இரவில்தான் உண்மை என் எதிரே வந்து நின்றது. அந்த இரண்டு நாட்களில் அந்நாயின் வாயருகே ஒரு கொட்டாங்கச்சி நீர் வைக்க என் கைக்குத் தோன்றவில்லை. வண்டி பேசி மருத்துவரிடம் கொண்டுசெல்ல எண்ணவில்லை. ஒருமுறை தலையைத் தடவவுமில்லை. யான் முடிக்க விரும்பியது அதன் வேதனையை அன்று. என் செவியில் விழுந்த ஓசையை. முக்தி பெற்றது நாய் அன்று, என் உறக்கம்.

அரசன் புன்னகையோடு கொலைத் தண்டனை விதிப்பினும், முடிவு செய்யும் அக்கணத்தில் அவன் உள்ளத்தில் இருப்பது வெறுப்பே என்று அபிதம்ம உரைகள் கூறுகின்றன. படித்த காலத்தில் இது எனக்கு மிகையாகத் தோன்றிற்று. என் கையில் கம்பி இருந்த கணத்தை நினைக்குங்கால் இது மிகையன்று என உணர்கிறேன்.

7. கருணைக்குச் செயல் இல்லையா?

அப்படியாயின் துன்புறும் உயிரைப் பார்த்துக்கொண்டு வாளா இருப்பதுதான் தம்மமா என்று கேட்கலாம். அன்று, அன்று. கொல்லாமல் விட்டுவிட்டு, நீரும் நிழலும் இன்றிக் கிடக்கச் செய்வது கருணையாகாது. எத்தனையோ முதிய மாடுகள் கொல்லப்படாமலே பட்டினியால் மாள்கின்றன. அதனைக் கருணை என்று யார் சொல்வர்?

அசோக வேந்தர் தம் இரண்டாம் பாறைச் சாசனத்தில், மக்களுக்கும் விலங்குகளுக்கும் ஆகிய இருவகை மருத்துவத்தை ஏற்படுத்தியதாகப் பொறித்துள்ளார். மருந்துக்குரிய செடிகள் இல்லாத இடங்களில் அவற்றைக் கொணர்ந்து நடச் செய்தார். அவை சென்ற நாடுகளுள் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளும் தாமிரபரணியும் அச்சாசனத்தில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன. நம் தமிழ் மண்ணுக்கு வேந்தர் அனுப்பியது விலங்கு மருத்துவம் என்பதை நினைக்க நெஞ்சு நிறைகிறது. கருணை என்னும் சொல்லோடு இணைத்து எழுத வேண்டிய சொல் மருத்துவமே.

பகவானும், வயிற்றுக் கழிச்சலால் தன் மலத்திலேயே கிடந்த பிக்குவைக் கண்டபோது, ஆனந்தரைத் தண்ணீர் கொணரச் செய்து, தம் கையாலேயே நீராட்டிப் படுக்கையில் கிடத்தினார். நோயாளிக்குப் பணிவிடை செய்வது தமக்குச் செய்வதே என்றும் உணர்த்தினார்.

இன்று மருத்துவம் பெரிதும் வளர்ந்துள்ளது. நம் கொல்கத்தாவில் பெல்காச்சியாவில் 1893 முதல் கால்நடை மருத்துவக் கல்வி நடைபெற்றுவருகிறது. நோவைத் தணிக்கும் மருந்துகள் விலங்குகளுக்கும் உண்டு. தீராத நோயாயினும் நோவைத் தீர்க்கலாம். நோவு தணிக்கக் கொடுத்த மருந்தின் நடுவே உயிர் தானே பிரியுமாயின், அங்கே கொல்லும் எண்ணம் என்னும் உறுப்பு இல்லை. ஆகவே கொலையும் இல்லை. பேக்கன் காலத்தில் 'நற்சாவு' என்னும் சொல் குறித்ததும் இதுவே.

8. விடை

ஒரு வாரம் கழித்து அவ்விளைஞர் வந்தார். யான் வாய் திறப்பதற்கு முன்னரே, "ஐயா, செவ்வாய்க்கிழமை ஊசி போட்டுவிட்டோம். அதற்கு மேல் தாங்க முடியவில்லை. நான் பாவம் செய்தவனா, இல்லையா? ஒரே சொல்லில் சொல்லுங்கள்" என்றார். கண்கள் சிவந்திருந்தன.

"தம்பி, அதனை எத்தனை நாள் கவனித்தாய்?" என்று கேட்டேன். 40 நாட்கள் என்றார். கஞ்சியைத் துணியில் நனைத்து நாவில் பிழிந்தாராம். புண்ணைக் கழுவினாராம். மருத்துவர் கொடுத்த நோவு மருந்தை வேளை தவறாமல் கொடுத்தாராம். இரவில் அது முனகும்போதெல்லாம் விழித்திருந்து அதன் நெற்றியில் கை வைத்திருந்தாராம். ஊசி போடும்போதும் தலையைத் தம் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாராம்.

யான் கூறிய விடை இதுதான். "தம்பி, ஒரே சொல்லில் கேட்கிறாய். ஒரே சொல்லில் சொல்ல முனைந்ததுதான் பிழை. நீ செய்தவை இரண்டு. 40 நாட்கள் செய்தது கருணை. செவ்வாய்க்கிழமை செய்தது கொலை. கொலையைக் காட்டிக் கருணையை இல்லையென்று சொல்லாதே, அது பொய். கருணையைக் காட்டிக் கொலையை இல்லையென்றும் சொல்லாதே; அதுவும் பொய். இரண்டையும் தனித்தனியே ஒப்புக்கொள். யான் அந்த ஆலை நாய்க்குச் செய்தது ஒன்றே ஒன்று. அதற்கு யான் இட்ட பெயரும் பொய். உன்னிடம் 40 நாட்கள் இருக்கின்றன. என்னிடம் அவை இல்லை."

நெடுநேரம் அவர் பேசாதிருந்தார். பின்னர், "சீலத்தை மறுபடியும் ஏற்றுக்கொள்ளலாமா?" என்றார். தவறியவன் மீண்டும் ஏற்பதற்காகவே சீலம் ஒவ்வொரு முறையும் ஓதப்படுகிறது என்று கூறினேன். இருவரும் அமர்ந்து பாணாதிபாதம் தொடங்கி ஓதினோம்.

சகோதர சகோதரிகளே! உங்கள் இல்லத்திலும் ஒருநாள் இக்கேள்வி எழலாம். சட்டம் இடங்கொடுக்கும், மருத்துவர் வழி சொல்வார், முடிவு உங்கள் உள்ளத்தில் பிறக்கும். அப்போது இரு சொற்களையும் பிரித்து எழுதிப் பாருங்கள். கருணையின் கீழ் நீங்கள் செய்தவற்றையெல்லாம் எழுதுங்கள். நீர் கொடுத்தோமா, நோவு மருந்து தேடினோமா, அருகில் இருந்தோமா என்று எழுதுங்கள். அப்பட்டியல் வெறுமையாயிருப்பின், மற்றைச் சொல்லின் பக்கம் கை நீட்டாதீர்கள்.

சகல உயிர்களும் துன்பம் நீங்கி வாழ்க!